இயந்திரங்கள் பேசிக்கொள்ளும் ஆலை

செட்டிநாட்டு வீடுகளில் பரப்பப்பட்டுள்ள பூவேலைத் தரைக்கற்களைக் காணாத மாணவர் இப்பகுதியில் எவரும் இரார். அக்கற்கள் செய்யப்படும் ஆத்தங்குடிக் கொட்டகை ஒன்றில் அரைமணி நேரம் நின்று பார்த்தவர்கள் மிகச் சிலரே. தொழிலாளி ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் உலோகச் சட்டத்தை வைக்கிறார். சட்டத்தினுள் வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் வார்க்கிறார். அதன்மீது மணலும் சிமெண்டும் கலந்த உலர்ந்த தூளைத் தூவி, பின்னர் ஈரச் சாந்தை இட்டுச் சமன் செய்கிறார். கல் இறுகியபின் தண்ணீர்த் தொட்டியில் சில நாட்கள் ஊறுகிறது. கண்ணாடியின் வழவழப்பே கல்லின் முகமாகிவிடுகிறது.

குழம்பில் நீர் மிகுந்தால் ஒரு வண்ணம் மற்றொன்றினுள் ஓடிவிடும். குறைந்தால் மூலைகளுக்குப் பரவாது. எவ்வளவு நீர் வேண்டும் என்பதை அந்தத் தொழிலாளி எக்கருவி கொண்டும் அளப்பதில்லை. கரண்டியிலிருந்து குழம்பு வழியும் விதத்தைக் கண் காண்கிறது. 'சற்றுக் கெட்டியாக இருக்கிறது' என மனம் முடிவு செய்கிறது. கை ஒரு குவளை நீரைச் சேர்க்கிறது. இம்மூன்று செயல்களும் ஒரு மனிதரிடத்தில், ஒரு கணத்தில் நிகழ்ந்துவிடுவதால் அவை மூன்று என்றே நமக்குத் தோன்றுவதில்லை.

இன்று 'ஸ்மார்ட்' தொழிற்சாலை என்று பெரிதாகப் பேசப்படும் ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள இந்தக் கொட்டகையே போதுமானது. காணுதல், முடிவு செய்தல், செய்தல் என்னும் மூன்றையும் பிரித்து, மூன்று வெவ்வேறு சாதனங்களிடம் ஒப்படைத்து, அவற்றைக் கம்பியாலோ வானொலி அலையாலோ பிணைத்தால் கிடைப்பதே அது. காணும் சாதனத்தைப் பொறியாளர்கள் 'சென்சார்' என்பர். நாம் உணர்கருவி எனலாம். முடிவு செய்வது ஒரு சிறிய கணிப்பொறி. செய்வது ஒரு மோட்டாரோ, பம்போ, வால்வோ ஆகலாம்.

இது முற்றிலும் புதிய கருத்தன்று. ஜேம்ஸ் வாட் 1788-ஆம் ஆண்டிலேயே தம் நீராவி இயந்திரத்தில் சுழலும் இரு குண்டுகளைப் பொருத்தினார். வேகம் மிகுந்தால் குண்டுகள் விலகி உயரும்; உயர்ந்தால் நீராவி செல்லும் வழி குறுகும்; வேகம் தானே தணியும். ஆயினும் அந்தக் குண்டுகள் அறிந்த செய்தி அந்த ஓர் இயந்திரத்தோடு நின்றுவிட்டது. பக்கத்திலிருந்த இயந்திரத்திற்கு அது தெரியாது; நேற்று என்ன வேகத்தில் ஓடினோம் என்பது அந்த இயந்திரத்திற்கே தெரியாது. செய்தி ஓரிடத்தில் பிறந்து பலவிடங்களுக்குச் செல்வதும், எழுதிவைக்கப்படுவதும், ஒன்றோடொன்று ஒப்பிடப்படுவதும்தான் புதுமை.

இதன் பயனைக் காணக் கோயம்புத்தூருக்குச் செல்வோம். 1888-இல் முதல் நூற்பாலை எழுந்து, 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகிய நகரம் அது. நூற்பாலையில் 'ரிங் பிரேம்' என்றோர் இயந்திரம் உண்டு. அதில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட கதிர்கள் வரிசையாகச் சுழலும். ஒவ்வொரு கதிரையும் சுற்றி ஒரு வளையம். அவ்வளையத்தின் விளிம்பில் 'டிராவலர்' எனப்படும் நகக்கண் அளவினதான ஓர் உலோகக் கொக்கி. நூல்தான் அக்கொக்கியை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. நிமிடத்திற்கு 15,000 சுற்றுகளுக்கு மேலும் அது ஓடக்கூடும். நூல் அறுந்தால் இழுப்பார் இன்றிக் கொக்கி நின்றுவிடும்.

'சைடர்' என்று ஆலைகளில் அழைக்கப்பெறும் தொழிலாளியின் வேலை, இயந்திரத்தின் இருபுறமும் இடைவிடாது நடந்து, எங்கே நூல் அறுந்திருக்கிறது என்று கண்டு ஒட்டுவது. அறுந்த நூலைத் தேடி நடக்கும் நடையே அவர் உழைப்பில் பெரும்பகுதி. இப்போது பல ஆலைகளில் ஒவ்வொரு கதிருக்கும் ஓர் உணர்கருவி பொருத்தப்பட்டுள்ளது. கொக்கி ஒவ்வொரு முறை கடக்கும்போதும் அது ஒரு சிறு மின்துடிப்பைப் பெறுகிறது. துடிப்பு நின்றால் அந்தக் கதிரின் அருகே ஒரு விளக்கு எரிகிறது. சைடர் நேரே அங்குச் செல்கிறார்.

இதனினும் நுட்பமான பயன் ஒன்று உண்டு. சில கதிர்கள் நிற்காமலே மற்றவற்றைக் காட்டிலும் மெதுவாக ஓடும். அக்கதிரில் நூல் அறுவதில்லை. பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். ஆனால் முறுக்குக் குறைந்த நூல் அதில் சுற்றிக்கொண்டிருக்கும். அந்நூல் பின்னர்த் தறியில் அறுந்து தொல்லை தரும். அல்லது துணியில் நலிந்த இழையாக நிலைத்துவிடும். எவ்வளவு தேர்ந்த சைடரும் ஓடும் கதிரைப் பார்த்தே இதைக் கண்டுபிடிப்பது அரிது. துடிப்புகளை எண்ணும் கருவியோ சில நொடிகளில் சொல்லிவிடும்.

இதுவரை சொன்னது உணர்கருவியின் பெருமை. இணைப்பின் பெருமை இனித்தான் வருகிறது. ஒரு நாள் பிற்பகல், ஆலையின் மேற்குப் பக்கத்திலுள்ள இயந்திரங்களில் மட்டும் நூல் மிகுதியாக அறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் இயந்திரத்தையும் தனித்தனியே பார்த்தால் குறை ஏதும் தெரியாது. எல்லா இயந்திரங்களின் எண்ணிக்கையும் ஒரு கணிப்பொறியில் வந்து சேர்ந்து, அதே கணிப்பொறியில் அறையின் ஈரப்பதமும் பதிவாகியிருந்தால், இரண்டு கோடுகளையும் அருகருகே வைத்தவுடன் காரணம் புலனாகும். பஞ்சு உலர்ந்தால் இழை வலிமை குறையும், மின்னூட்டம் ஏறி இழைகள் விரிந்து பறக்கும், நூல் அறும். ஆகவே பழுது இயந்திரத்தில் இல்லை. மேற்குப் பக்கத்திற்கு ஈரக்காற்றை அனுப்பும் குழாயில் இருக்கிறது. இயந்திரத்தின் செய்தியும் காற்றின் செய்தியும் சந்தித்ததனால் பிறந்த அறிவு இது.

ஓர் உண்மையை மறைக்காமல் கூறவேண்டும். நூல் அறுந்த நேரத்தைக் குறிக்கும் கருவி, அது ஒட்டப்பட்ட நேரத்தையும் குறிக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட நிமிடங்கள் சைடரின் பெயரில் எழுதப்படுகின்றன. அவர் தண்ணீர் குடிக்கச் சென்ற நேரமும் அதில் அடக்கம். கதிரை அளக்க வந்த கருவி மனிதரையும் அளக்கத் தொடங்கினால் அவ்வளவை யார் பார்க்கலாம், எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை ஆலை நிர்வாகமும் தொழிலாளரும் கூடிப் பேசித் தீர்மானிப்பதே முறை. கருவி வாங்கிய அன்றே இதைப் பேசிவிடுவது நல்லது. வழக்கம் ஊன்றியபின் பேசுவது கடினம்.

இயந்திரங்கள் பேசிக்கொள்ள வேண்டுமாயின் அவற்றிற்கு ஒரு பொதுமொழி வேண்டுமன்றோ? 1968-ஆம் ஆண்டு வரை ஆலைகளில் முடிவு செய்யும் வேலையை 'ரிலே' என்னும் மின்காந்த விசைகள் செய்துவந்தன. மோட்டார்க் கார்த் தொழிற்சாலையில் ஒரு புதிய வகைக் கார் செய்யத் தொடங்கினால், நூற்றுக்கணக்கான ரிலேக்களின் கம்பிகளைக் கழற்றி மறுபடி பூட்டவேண்டும். இத்தொல்லை தாளாமல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் மாற்று வழி தேடியது. கம்பியை மாற்றாமல் கட்டளையை மட்டும் மாற்றி எழுதக்கூடிய கட்டுப்பாட்டுப் பெட்டி அதன் பயனாகப் பிறந்தது. அதையே இன்று பி.எல்.சி. என்கிறோம். அப்பெட்டியைச் செய்த மோடிகான் நிறுவனம் 1979-இல், பெட்டிகள் தமக்குள் செய்தி பரிமாற 'மோட்பஸ்' என்னும் எளிய முறையை வெளியிட்டது. இன்றும் அது வழக்கில் உள்ளது.

மோட்பஸ் முறை எளிது. ஆனால் அது வெறும் எண்ணைத்தான் அனுப்பும். '415' என்று செய்தி வருகிறது என்க. அது 415 வோல்ட் மின்னழுத்தமா, 41.5 பாகை வெப்பமா? அனுப்பியவருக்கும் பெற்றவருக்கும் முன்பே உடன்பாடு இருந்தால் அன்றிப் பொருள் விளங்காது. 'ஐந்து' என்று மட்டும் எழுதிய தந்தி வந்தால் வீட்டார் என்ன செய்வர்? ஐந்தாம் தேதி வருகிறாரா, ஐந்து பேர் வருகிறார்களா என்று திகைப்பரன்றோ? ஓ.பி.சி. யு.ஏ. என்னும் பிற்காலத்து முறை, எண்ணோடு அதன் பெயர், அலகு, அளந்த நேரம், அந்த அளவு நம்பத்தக்கதா என்னும் குறிப்பு ஆகியவற்றையும் சேர்த்து அனுப்புகிறது. கடைசியிற் சொன்ன குறிப்பை நேயர்கள் நினைவில் வைக்கவேண்டுகிறேன்.

ஜெர்மனியின் ஹனோவர் கண்காட்சியில் 2011-ஆம் ஆண்டு இவ்வேற்பாட்டிற்கு 'நான்காம் தொழில்' என்னும் பெயர் சூட்டப்பட்டது. நீராவி, மின்சாரம், கணிப்பொறி ஆகியவற்றால் வந்த மூன்று புரட்சிகளுக்குப் பின் இது நான்காவது என்பது கருத்து. புரட்சிகளுக்கு எண் இடுவதில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. பெயரை விட்டுப் பொருளுக்கு வருவோம்.

பொருள் நம் காரைக்குடிக்கே நம்மைத் திருப்பி அழைத்து வருகிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளிக்க, 1948 ஜூலை 25-ஆம் நாள் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கே இருக்கிறது. 1953 ஜனவரி 14-ஆம் நாள், பொங்கல் திருநாளை ஒட்டி, டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணன் அதைத் திறந்துவைத்தார். மின்வேதியியல் என்பது வேதியியல் மாற்றத்திற்கும் மின்சாரத்திற்கும் உள்ள உறவை ஆராயும் துறை. தொழிற்சாலையில் ஒரு திரவத்தைப் பற்றி அறியவேண்டியவற்றுள் பல, இந்த உறவின் வழியாகவே உணர்கருவிக்குப் புலனாகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு. திரவத்தின் அமிலத்தன்மையைப் பி.எச். என்னும் எண்ணால் குறிப்பர். தூய நீருக்கு 7. அமிலம் மிக மிக எண் குறையும். இதை அளக்கும் கருவியின் முனையில் மிக மெல்லிய கண்ணாடிக் குமிழ் ஒன்று இருக்கும். உள்ளே அமிலத்தன்மை தெரிந்த கரைசல். வெளியே அளக்கவேண்டிய திரவம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டிற்கேற்பக் கண்ணாடியின் இருபுறமும் மின்னழுத்தம் தோன்றுகிறது. 25 பாகை வெப்பத்தில், பி.எச். ஓர் எண் மாறினால் ஏறக்குறைய 59 மில்லிவோல்ட் மாறும். 7-இல் அழுத்தம் சுழி; 4-இல் மூன்று மடங்கு, அதாவது 177 மில்லிவோல்ட். நாவால் சுவைத்து அறியமுடியாத புளிப்பைக் கண்ணாடி மின்சாரமாக மாற்றிச் சொல்கிறது.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் வேறோர் ஊரில் நிக்கல் முலாம் பூசும் பட்டறை நடத்துகிறார். தொட்டியில் நிக்கல் சல்பேட், நிக்கல் குளோரைடு, போரிக் அமிலம் ஆகியவை கரைந்திருக்கும். பி.எச். 4-ஐ ஒட்டி இருக்கவேண்டும். வேலை நடக்க நடக்க அந்த எண் மெல்ல ஏறும். ஆகையால் அவ்வப்போது சிறிது அமிலம் சேர்ப்பர். முப்பது ஆண்டுகளாக ஒரு முதியவர், நிறம் மாறும் காகிதத்தைத் தொட்டியில் நனைத்துப் பார்த்து இதைச் செய்துவந்தார். பட்டறை வளர்ந்தது. கண்ணாடிக் குமிழ் உள்ள உணர்கருவியும், அமிலம் விடும் பம்பும், கட்டுப்பாட்டுப் பெட்டியும் வந்தன. எண்கள் முதலாளியின் கைபேசிக்கும், பொருள் வாங்கும் நிறுவனத்தின் கணிப்பொறிக்கும் தாமே சென்றன. முதியவரின் காகிதம் பெட்டிக்குள் போயிற்று.

ஓர் இரவு, தொட்டிக்குள் இறக்கிய பொருளொன்று மோதிக் கண்ணாடிக் குமிழ் விரிந்துவிட்டது. விரிசல் வழியே உள்ளும் வெளியும் ஒன்றாயின, வேறுபாடு இல்லை, மின்னழுத்தமும் இல்லை. அழுத்தம் சுழியானால் கருவிக்குத் தெரிந்த விடை ஒன்றே: 7. தொட்டியில் அமிலம் தீர்ந்துவிட்டது என்று கட்டுப்பாட்டுப் பெட்டி கருதியது. பம்பை இயக்கியது. எண் இறங்கவில்லை, மேலும் இயக்கியது. 'அமிலம் சேர்க்கப்படுகிறது' என்னும் செய்தி கைபேசிக்கு இரவு முழுதும் சென்றது. ஏற்பாடு விழிப்பாக இருக்கிறது என்றெண்ணி என் மாணவர் உறங்கினார்.

காலையில் முதலில் வந்தவர் முதியவர். தொட்டியில் தொங்கிய பொருள்கள்மீது வழக்கத்திற்கு மீறிய குமிழிகள் ஏறுவதைக் கண்டார். அமிலம் மிகுந்தால் மின்சாரத்தில் ஒரு பகுதி நிக்கலைப் படியச் செய்யாமல் ஹைட்ரஜனை வெளியேற்றுவதில் வீணாகும். முலாம் மெலியும், குழி விழும். இந்த விளக்கத்தை அவர் படித்தவரல்லர். "தம்பி, தொட்டி பொங்குகிறது, வந்து பாருங்கள்" என்று தொலைபேசியில் கூப்பிட்டார். வந்து காகிதத்தை நனைத்தபோது எண் 2-க்கும் கீழே இருந்தது. இரவு பூசிய பொருள்கள் அனைத்தும் வீண். நிக்கல் கார்பனேட் சேர்த்துத் தொட்டியை மீட்க இரண்டு நாட்களாயின.

என் மாணவருக்குப் பொருள் இழப்பைக் காட்டிலும் வேறொன்று உறுத்தியது. கட்டுப்பாட்டுப் பெட்டியில் 7; கைபேசியில் 7; வாங்கும் நிறுவனத்தின் பதிவில் 7; கணிப்பொறி வரைந்த கோட்டிலும், இரவு முழுதும் அசையாமல், 7. நான்கு இடங்களில் ஒரே எண்ணைக் கண்டால் யாருக்கும் நம்பிக்கை பிறக்கும். ஆனால் நான்கும் தனித்தனிச் சாட்சிகள் அல்ல. உடைந்த ஒரு கண்ணாடி கூறிய பொய்யை நான்கு பேர் திருப்பிச் சொன்னார்கள். இணைப்பு, உண்மையை எவ்வளவு விரைவாகக் கொண்டு செல்லுமோ அவ்வளவு விரைவாகப் பொய்யையும் கொண்டு செல்லும். வழியில் அதற்கு ஒரு மதிப்பையும் ஏற்றிவிடும்.

இதையே வேண்டுமென்று செய்தவர்களும் உண்டு. 2010-ஆம் ஆண்டில் 'ஸ்டக்ஸ்நெட்' என்னும் கணிப்பொறி நச்சு நிரல் வெளிப்பட்டது. ஈரானின் நத்தான்ஸ் நகரில் யுரேனியம் செறிவூட்டும் சுழல் இயந்திரங்களைத் தாக்க அது எழுதப்பட்டிருந்தது. இயந்திரங்களின் வேகத்தை அது தாறுமாறாக்கியது. அவ்வேளையில், முன்பு பதிவு செய்துவைத்த ஒழுங்கான எண்களையே காவலிருந்தோரின் திரையில் காட்டியது.

அதனால் உணர்கருவிகளே வேண்டாம் என்று எவரேனும் முடிவு கட்டினால் அது தவறு. காரைக்குடி ஆராய்ச்சி நிலையத்திற்கு, கடற்காற்று உலோகத்தை அரிக்கும் விதத்தை ஆராயும் கிளையொன்று மண்டபத்தில் உண்டு. அங்கிருந்து கண்ணுக்கெட்டும் தொலைவில் இருக்கும் பாம்பன் ரயில் பாலம் 1914-இல் திறக்கப்பட்டது. அதன் அசைவையும் அதிர்வையும் அளக்கச் சென்னை ஐ.ஐ.டி. உணர்கருவிகளைப் பொருத்தியிருந்தது. 2022 டிசம்பரில் அவை எச்சரிக்கை விடுத்தன. ரயில் போக்குவரத்து உடனே நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் புதிய பாலம் திறக்கப்படும்வரை ராமேசுவரத்துக்கு ரயில் செல்லவில்லை. அங்கே மனிதக் கண்ணுக்கு எட்டாததைக் கருவி எட்டியது. எச்சரிக்கையை மதித்து வண்டியை நிறுத்தியவர்கள் மனிதர்கள்.

கருவியை எப்போது நம்புவது, எப்போது ஐயுறுவது என்பது தொழிற்கல்வியில் தனிப் பாடமாகவே இருக்கவேண்டும் என்பது என் கருத்து. தமிழ்நாட்டில் 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களை இப்புதிய முறைகளைக் கற்பிக்கும் மையங்களாக்கும் பணி நடந்தது. அங்குச் சேரும் மாணவர் கட்டளை எழுதக் கற்பார்; நல்லதே. அத்துடன் ஓர் எளிய கணக்கையும் கற்கவேண்டும். பல ஆயிரம் லிட்டர் கொண்ட தொட்டி ஒரு நிமிடத்தில் 4-இலிருந்து 7-க்குத் தாவ முடியுமா? முடியாது. தாவியது தொட்டியன்று, கருவிதான் என்று அந்தக் கணக்கே சொல்லிவிடும். இந்த ஐயத்தைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் கற்பிக்கலாம். கற்பிப்பவருக்கு முதலில் அது தோன்றவேண்டும்.

என் மாணவரின் பட்டறையில் இப்போது தொட்டிக்கு இரண்டு உணர்கருவிகள். இரண்டும் மாறுபட்டால் பம்பு நின்று மணி அடிக்கும். ஒரு மணி நேரத்தில் இவ்வளவுக்கு மேல் அமிலம் விடக்கூடாது என்று வரம்பும் வைத்திருக்கிறார்கள். முதியவர் நாள்தோறும் காலையில் இரண்டு கண்ணாடிக் குமிழ்களையும் கழற்றிக் கழுவி, பி.எச். 7 உள்ள கரைசலிலும் 4 உள்ள கரைசலிலும் தோய்த்துப் பார்க்கிறார். இரண்டுக்கும் இடையே 177 மில்லிவோல்ட் வரவேண்டும். குமிழ் பழையதாக ஆக அந்த எண் குறைந்துகொண்டே வரும். 160-க்கு இறங்கினால் புதியது வாங்கச் சொல்கிறார். இவற்றைக் கணிப்பொறியில் ஏற்றுவதற்கு முன், கோடு போட்ட நாற்பது பக்க நோட்டில் தம் கையால் தேதியிட்டு எழுதுகிறார். நான் சென்றிருந்த நாளில் ஒரு குமிழுக்கு 171 என்றும், மற்றதற்கு 164 என்றும் எழுதி, இரண்டாவதன் கீழே ஒரு கோடு இழுத்தார்.